தட்டின் வலது பாதி

அறுபத்து மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடிய மின்னணுச் சில்லு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு நின்றுவிட்டது.

நின்றது என்றால் உடைந்துபோகவில்லை, கருகவும் இல்லை. அதுவரை திரையில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. இப்போது எல்லாப் புள்ளிகளும் மேலேயே விழுந்தன. கருவி தன்பாட்டுக்கு மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. சில்லு கண்டுகொள்ளவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். விடுமுறை நாள். ஆய்வகத்தில் என்னையும் குளிர்சாதனத்தின் உறுமலையும் தவிர யாரும் இல்லை. திரையில் விழுவது அண்ணியின் போனுக்கும் போகும்; இருந்தாலும் நேரில் வந்து பார்த்துவிட்டு அவருக்கு ‘ஓடுது’ என்று ஒரு வார்த்தை அனுப்புவதுதான் என் வேலை. அதை அனுப்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சில்லு அண்ணியுடையது. என் அண்ணனின் மனைவி இங்கே நாலு வருடமாக ஆராய்ச்சியாளர். நான் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, அவர்தான் என்னை உதவியாளராகச் சேர்த்துவிட்டார். வீட்டில் அண்ணி, இங்கே மேடம். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது வார்த்தையையும் மாற்றிக்கொள்வேன்.

அண்ணி செய்வது இதுதான். இரண்டு உலோகப் படலங்களுக்கு நடுவே, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய ஓர் ஆக்சைடு படலம். ஆக்சைடு லேசில் மின்சாரத்தை விடாது. சரியான அளவில் ஒரு துடிப்பு கொடுத்தால், உள்ளே சில ஆக்சிஜன் அணுக்கள் இடம்பெயரும். அவை விட்டுப்போன காலி இடங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை வழியாக மின்சாரம் புகுந்து போகும். பத்து லட்சம் ஓம் இருந்த மின்தடை ஆயிரத்துக்கு இறங்கிவிடும். எதிர்த்திசையில் ஒரு துடிப்பு கொடுத்தால் வரிசை அறுந்து, மறுபடி பத்து லட்சம். இணைப்பைப் பிடுங்கினாலும் கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். அதனால்தான் இதை வைத்து நினைவகம் செய்யலாம் என்கிறார்கள்.

எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் மாற வேண்டும் என்று நிபந்தனை. திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் சரி என்று சொன்னால் அண்ணிக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அண்ணனும் அண்ணியும் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான்.

சோதனைப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஓடும்போது திறக்கக் கூடாது. திறந்தேன். ஊசி, உலோகப் புள்ளியின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. கம்பிகள் இறுக்கமாகத்தான் இருந்தன. இன்னும் குனிந்து, மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. என்னையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. நேராகச் சில்லின்மேலேயே போனது.

திரையில் கீழே ஒரு புள்ளி விழுந்தது. பிறகு மேலே. பிறகு கீழே.

அப்படியே குனிந்தபடி இருந்தேன். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

மெல்ல நிமிர்ந்தபோதுதான் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த குழாயைக் கவனித்தேன். உலர்ந்த நைட்ரஜன் வருகிற குழாய். அதன் திருகு கால் சுற்று திறந்திருந்தது. நேற்று மாலை மூடித்தான் இருந்தது. இதைத் திறக்கக்கூடியவர் ஒருவர்தான். திருகை மூடிவிட்டு, மூடியையும் மூடிவிட்டு, அவருக்குப் போன் செய்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் அவர் பெயர் துப்பாக்கி. கொசுவைக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைக்கிற மனிதர். எந்தச் சில்லைத் தொட்டாலும் முதலில் நைட்ரஜன் துப்பாக்கியால் தூசியை அடித்துவிட்டுத்தான் தொடுவார். விதிப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மற்றவர்கள் அவசரத்துக்கு விட்டுவிடுவார்கள், அவர் விட மாட்டார்.

“சார், பெட்டியில காத்து திறந்திருந்துச்சு.”

“நான்தாம்மா. ஒம்போது மணிக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். நாளைக்குப் பெரிய நாளாச்சே, தூசி படியாம இருக்கட்டும்னு லேசா திறந்து விட்டேன். ஏன், ஏதாவது ஆயிடுச்சா?”

“இல்ல சார். ஓடுது.”

“மேடம்கிட்ட சொல்லிடாதம்மா. ஏற்கெனவே நான் தொட்டா துலங்காதுன்னு பேரு.”

அந்தப் பேர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அண்ணி செய்தது ஒரே ஒரு தட்டு; அதிலிருந்துதான் எல்லாச் சில்லுகளையும் வெட்டி எடுத்தார்கள். உள்ளங்கை அகலம். அதை நடுவில் வெட்டி, இடது பாதியை அண்ணி அளந்தார், வலது பாதியைத் துப்பாக்கி சார் அளந்தார். இடது பாதிச் சில்லுகள் சொன்னபடி கேட்டன. வலது பாதியில் ஒன்றுகூட மாறவில்லை. ஒரே தட்டு, ஒரே நாள், ஒரே அடுப்பு. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஊசியை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள், கடைசியில் கருவியையே மாற்றினார்கள். அப்புறம் பெரியசார், எங்கள் ஆய்வகத் தலைவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “விடுங்கப்பா, அந்தம்மாவுக்குக் கைராசி.” அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அறிவியல் படித்த பதினோரு பேர் அதை ஏற்றுக்கொண்டோம்.

வலது பாதியின் சில்லுகள் அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தன. ஒன்றை எடுத்து இரண்டாவது மேசையில் ஊசியின் கீழ் வைத்தேன். துடிப்பு கொடுத்தேன். ஒன்றும் இல்லை. பத்து லட்சத்திலேயே நின்றது. கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவதுபோல வாயைத் திறந்து ஒரு தடவை ஊதினேன்.

ஆயிரம் ஓம்.

எதிர்த்துடிப்பு. பத்து லட்சம்.

வலது பாதியின் முதல் மாற்றம். பார்க்க யாரும் இல்லை.

நைட்ரஜனைத் திறந்து அதன்மேல் விட்டேன். முக்கால் மணி நேரத்தில் பிடிவாதம் பிடித்து நின்றது. ஊதினேன், மாறியது. வேறொரு சில்லை எடுத்தேன். அதுவும் அப்படியே. ஆக்சைடு படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மூச்சின் ஈரம் அதில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஈரம் இருந்தால்தான் உள்ளே ஆக்சிஜன் நகர்கிறது. பின்னாளில் இந்தச் சில்லை உலரவைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, ஏதோ ஒரு கருவிக்குள் வைப்பார்கள். அங்கே போய் யாரும் ஊதப்போவதில்லை.

அண்ணி ஊதுவார். யோசித்தபோது அதுதான் முதலில் கண்ணுக்கு முன்னால் வந்தது. போனைச் சார்ஜரில் செருகுமுன் அதன் ஓட்டையில் ஊதுவார். மூக்குக்கண்ணாடியில் ஊதுவார். ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேட்டரியைக் கழற்றி ஊதுவார். சில்லை ஊசியின் கீழ் வைத்துவிட்டுக் கன்னம் உப்பக் குனிவதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஆய்வகத்தில் சில்லின் அருகே வாயைக் கொண்டுபோகக் கூடாது என்பது முதல் நாள் பாடம். துப்பாக்கி சார்தான் எனக்கு அதைச் சொன்னார். அண்ணி ஊதுவது யாருக்கும் உறைக்காததற்குக் காரணம், தான் ஊதுவது அண்ணிக்கே தெரியாது என்பதுதான்.

இதை இன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில், அண்ணியின் வரைபடத்தில் அலகு தப்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டேன். தப்பாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “இத வீட்டுலயே சொல்லியிருக்கலாமேடி. ஊருக்கு முன்னாடி நாத்தனார் வேலை பாக்கணுமா?” அண்ணியும் நானும் இரண்டு நாள் ஸ்கூட்டரில் பேச்சில்லாமல் போனோம். அதிலிருந்து கூட்டங்களில் நான் வாயே திறப்பதில்லை.

கதவைத் திறந்ததும் சத்தம். அண்ணன் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

வாடகை வீடு. நாலு வருடமாக எங்கள் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில்தான் இருக்கின்றன. நிரந்தரம் ஆகாமல் சுவரில் கைவைக்க மாட்டேன் என்று அண்ணன் சபதம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். இன்று டிரில்லிங் மெஷினும் கையுமாக நிற்கிறான். தலையெல்லாம் வெள்ளைப் பொடி.

“அண்ணி,” என்றேன்.

டிர்ர்ர் என்று ஒரு துளை.

“என்னம்மா?” அண்ணி அலமாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இங்க வா, அந்த முனையப் பிடி. உங்கண்ணன் அளவெடுத்த லட்சணத்துக்கு, புத்தகம் வெச்சா உருண்டு நேரா அடுப்பங்கரைக்குப் போயிரும்.”

“கோணல் சுவருடி அது,” என்றான் அண்ணன். “நான் என்ன பண்ணுவேன்?”

“ஆமா, சுவரு கோணல், தரை கோணல், நீ மட்டும் நேரு.”

பலகையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணி, அந்த சிப்பு...”

“அத கேக்கணும்னு இருந்தேன். போன்ல பாத்தேன், பத்தே கால்லேருந்து ஒரு கால் மணி நேரம் மேலயே நிக்குது. நீ அங்கதான இருந்த?”

“ம்.”

“ஊசி ஆடியிருக்குமோ?”

டிர்ர்ர். காத்திருந்தேன். நின்றது.

“தானா சரியாயிடுச்சா?” என்றார் அண்ணி. அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“ம்,” என்றேன்.

அண்ணி தோளைத் தளர்த்திக்கொண்டார். “அப்பாடா. கால் மணி நேரம்லாம் கணக்குல வராது. ஊசி ஆட்டம்னு சொல்லிக்கலாம்.” பிறகு துளையைப் பார்த்தார். உள்ளே பொடி அடைத்திருந்தது. எட்டி, கன்னத்தை உப்பவைத்து, ஒரே ஊது. பொடி முழுக்க அவர் முகத்திலேயே திரும்பி வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்மினார். அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தான்.

“விஞ்ஞானி,” என்றான்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டேன் என்பது எனக்கே பொறுக்கவில்லை.

ஏழே காலுக்கு அண்ணியின் போன் ஒலித்தது. எழுபத்திரண்டு மணி முடிந்தது. அண்ணன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் தலையில் இருந்த பொடியைத் தட்டிவிட்டான். முதல் பெட்டியைக் கிழித்துப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தான். நாலு வருடமாக முதுகைப் பார்க்காத புத்தகங்கள். அந்த நேரத்தில் யார் சொல்வார்கள்? சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அண்ணன் இரண்டாவது அலமாரி எங்கே வைப்பது என்று கேட்டான். அண்ணி என் அறையைக் காட்டினார். “அவளுக்கும் ஒண்ணு வேணுமில்ல. இங்கதான இருக்கப் போறா.”

மறுநாள் காலை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அண்ணி, அது ஈரத்துல மாறுது. அண்ணி, ஒரு விஷயம். அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மூச்சு பட்டு முன்கண்ணாடி மங்கிப்போனது. சிக்னலில் நின்றபோது அவர் தோளைத் தொட்டேன்.

“என்ன?”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“ஒண்ணுமில்ல.”

“பயப்படாத. எனக்கே பயமில்ல, உனக்கு என்ன?” என்றார். கைப்பிடியில் அவர் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

மதிப்பீட்டாளர் குட்டை முடி வைத்த அம்மாள். சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. எழுபத்திரண்டு மணி நேர வரைபடத்தை ஒரு முனையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். புள்ளிகள் மேலேயே நின்ற கால் மணி நேரத்தில் விரல் நின்றது.

“ஊசி ஆட்டம்,” என்றார் அண்ணி. “தானா சரியாயிடுச்சு. இவங்க பக்கத்துலதான் இருந்தாங்க.” என்னைக் காட்டினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விரல் நகர்ந்துவிட்டது.

“ஒரே தட்டுன்னு போட்டிருக்கீங்க. இடது பாதி மாறுது. வலது பாதி சுத்தமா மாறல. அது ஏன்?”

பெரியசார் தொண்டையைச் செருமினார். “வலது பாதிய அளந்தது வேற ஆளு. கையாளுறதுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருக்கும்.”

“யாரு அளந்தது?”

துப்பாக்கி சார் ஓரடி முன்னால் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“நான்தாங்க.”

“எல்லாத்தையும் முறைப்படிதான் செஞ்சீங்களா?”

“முறைப்படிதான் செஞ்சேங்க. ஆனா...” அண்ணியைப் பார்த்தார், பெரியசாரைப் பார்த்தார். “எனக்குக் கை சரியில்லைங்க. பதினெட்டு வருஷமா இல்லாத கோளாறு. ஒருவேளை லேசா நடுங்குதோ என்னவோ. நானே சார்கிட்ட கேட்டுக்கலாம்னு இருந்தேன், கிடங்குப் பக்கம் மாத்திவிடச் சொல்லி.”

“அட, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றார் அண்ணி. உண்மையான பரிவோடுதான் சொன்னார். “சில பேருக்குக் கைராசி, அவ்வளவுதான்.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். துப்பாக்கி சாரும் சிரித்தார். அவர் பின்னால் நின்றிருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது, ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. நடுங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பவர்போல விட்டு விட்டுப் பிடித்தார். ஒரு நடுக்கமும் இல்லை.

“அப்போ வலது பாதிக்குக் கையாளுதல் பிழைன்னு எழுதிக்கலாமா?” என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

“எழுதிக்கங்க,” என்றார் துப்பாக்கி சார்.

“சரி. இடது பாதியில ஒரு சில்ல எனக்கு நேரா ஓட்டிக் காட்டிடுங்க. அதோட முடிஞ்சுது.”

அண்ணி டப்பாவைத் திறந்தார். இடுக்கியால் ஒரு சில்லை எடுத்தார். அவருக்கு உண்மையிலேயே நல்ல கை. ஒரு தடுமாற்றம் இல்லாமல் அதை ஊசிக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். பெரியசார் மின்துடிப்புக் கருவியின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி குனிந்தார். கன்னம் உப்பியது.

“ஊதாதீங்க,” என்றேன்.

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அண்ணி அப்படியே நின்றார், உப்பிய கன்னத்தோடு. மெல்ல மூச்சை மூக்கு வழியாக விட்டுவிட்டுத் திரும்பினார். இவளா பேசினாள் என்பதுபோலப் பார்த்தார். பிறகு தன் வாயின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“யாரு பேசினது?” என்றார் மதிப்பீட்டாளர். “என்ன சொன்னீங்க? காதுல விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காது மடல் கொதித்தது. மேடம் என்றுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். வாயில் வேறு வார்த்தை வந்தது.

“அண்ணி, அது உங்க மூச்சுல இருக்கிற ஈரத்துலதான் மாறுது. காஞ்சா நின்னுடும். நேத்து அப்படித்தான் நின்னுச்சு. தானா சரியாகல, நான்தான் அதுமேல மூச்சு விட்டுட்டேன். வலது பாதியிலயும் ஊதிப் பாத்தேன், அதுவும் மாறுது. சாரோட கையில ஒரு கோளாறும் இல்ல.”